ஸ்டைலிஸ்ட் இன்டர்வியூவில் யாரும் கேட்காத கேள்வி

பர்சனல் ஸ்டைலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ என்றதும் வருகிற முதல் கவலை, என்ன டிரஸ் போட்டுக்கொண்டு போவது என்பதுதான். வங்கி வேலை என்றால் ஒரு வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், முடிந்தது கதை. இங்கே போட்டிருக்கும் உடையே பாதி பயோடேட்டா! அதனால் இரண்டு நாள் பீரோ முன்னாலேயே கழிந்துவிடும். தப்பில்லை. ஆனால் அதில் பத்து நிமிடத்தை வேறொரு கேள்விக்கு ஒதுக்குவது நல்லது. சம்பளம் எப்படித் தருவார்கள்? கவனிக்கவும், எவ்வளவு என்பதல்ல, எப்படி.

பர்சனல் ஸ்டைலிஸ்ட் என்றால் சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சாதாரண ஆட்களுக்கு அவரவர் உடம்புக்கும் வேலைக்கும் பர்சுக்கும் ஏற்ற உடையை எடுத்துக்கொடுப்பவர்தான் இவர். அமெரிக்காவில் நார்ட்ஸ்ட்ராம் போன்ற பெரிய கடைகளில் இந்தச் சேவை இலவசம். இந்தியாவில் ஷாப்பர்ஸ் ஸ்டாப்பில்கூட பர்சனல் ஷாப்பர் என்று ஆட்கள் உண்டு. இலவசம் என்று போர்டில் எழுதியிருந்தால், அந்தச் செலவு வேறு எந்தக் கணக்கிலோ ஏறுகிறது என்று அர்த்தம். காமர்ஸ் படித்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இன்டர்வியூவுக்கு வருவோம். "அடுத்த வாரம் புது வேலையில் சேர வேண்டும், கையில் இவ்வளவுதான் பணம் என்று ஒருவர் வந்தால் என்ன எடுத்துக்கொடுப்பீர்கள்?" இது ஒரு வழக்கமான கேள்வி. உடனே சட்டை, பேண்ட் என்று அடுக்க ஆரம்பிப்பவரைவிட, "அவருக்கு என்ன வேலை? பஸ்ஸில் போவாரா, காரில் போவாரா? வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பவரே இந்த வேலைக்குப் பொருத்தமானவர். கண்ணைவிடக் காதுக்குத்தான் இங்கே வேலை அதிகம்.

இன்னொரு கேள்வியும் அநேகமாக வரும். "கஸ்டமர் ஆசைப்பட்டு எடுத்த உடை அவருக்கு நன்றாக இல்லை. என்ன செய்வீர்கள்?" எல்லோரும் சொல்லும் பதில், "மனம் நோகாமல் உண்மையைச் சொல்வேன்." நல்ல பதில்தான். ஆனால் வேலையில் சேர்ந்தபின் அப்படிச் சொல்ல முடியுமா என்பதே விஷயம். சம்பளத்தில் பெரிய பங்கு கமிஷன் என்றால், "இது வேண்டாம் மேடம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் சொல்பவரின் பாக்கெட்டிலிருந்துதான் பணம் போகிறது. மாதக் கடைசியில், டார்கெட் முடியாத நேரத்தில், அந்த உண்மை வாயிலிருந்து வருமா? பி.காம் மாணவர்களுக்கு ஆடிட்டிங் பாடம் ஞாபகம் வரலாம். யாருடைய கணக்கைச் சரிபார்க்கிறாரோ, அந்தக் கம்பெனியிடமே ஆடிட்டர் ஃபீஸ் வாங்குகிறார். அவருடைய சுதந்திரத்தைக் காப்பாற்ற எத்தனை விதிகள்! ஸ்டைலிஸ்டுக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. மனசாட்சி ஒன்றுதான் துணை.

இந்தச் சிக்கலைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தவர் பெட்டி ஹால்பிரீச். நியூயார்க்கில் பணக்காரர்கள் துணி எடுக்கும் பெர்க்டார்ஃப் குட்மன் கடையில் 1976ல் சேர்ந்தவர். சாதாரண விற்பனையாளராக அவர் சோபிக்கவில்லை. ஆனால் பர்சனல் ஷாப்பராக மாறிய பிறகு ஒரு தலைமுறைக்கே பெயர் தெரிந்தவர் ஆனார். 2024 ஆகஸ்டில், 96 வயதில் காலமானார். அவர் கமிஷனுக்கு வேலை செய்யவில்லை, சம்பளம் மட்டும்தான். பொருந்தாததைப் பொருந்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கே அவர் பெயர் போனவர். அதைக் கேட்கத்தான் ஆட்கள் மறுபடி மறுபடி வந்தார்கள்.

அப்படியானால் கமிஷன் இல்லாத வேலை என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. 2011ல் தொடங்கிய ஸ்டிச் ஃபிக்ஸ் கம்பெனியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் கழித்துக்கட்டிக் கொடுக்கும் பட்டியலிலிருந்து ஸ்டைலிஸ்ட் ஐந்து உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பார், பெட்டி வீட்டுக்கு வரும், பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பலாம். ஸ்டைலிஸ்டுகளுக்கு மணிக்கணக்கில் கூலி. ஆனால் 2020 ஜூனில், கலிஃபோர்னியாவில் இருந்த சுமார் 1,400 ஸ்டைலிஸ்டுகளை வேலையிலிருந்து நீக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. செலவு குறைந்த வேறு ஊர்களில் ஆள் எடுப்பது திட்டம். கமிஷன்காரருக்கு மனசாட்சி உறுத்தல் என்றால், கூலிக்காரருக்குச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகிப்போகும் பயம்.

"வேலை தேடி வந்தவர் இதையெல்லாம் கேட்டால் வேலை கிடைக்குமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான பயம். ஆனால் கேட்கும் விதம் இருக்கிறதே! கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பலரும் "ஒன்றுமில்லை சார்" என்று சிரித்துவிட்டு எழுந்து வரும் அந்த இடத்தில்தான் கேட்க வேண்டும். நிரந்தரச் சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு? வாங்கிய உடையைக் கஸ்டமர் திருப்பிக் கொடுத்தால் கமிஷன் பிடிப்பீர்களா? டார்கெட் மாதக் கணக்கா, வருடக் கணக்கா? ஒரு விற்பனை போனாலும் கஸ்டமர் திரும்பி வந்தார் என்பதற்கு ஏதாவது மதிப்பு உண்டா? வியாபாரம் தெரிந்த முதலாளிக்கு இந்தக் கேள்விகள் கோபம் தராது. ஆள் விவரமானவர் என்ற எண்ணத்தைத்தான் தரும். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்!

கமிஷன் வேலையே வேண்டாம் என்பதல்ல வாதம். வாடகை கட்ட வேண்டும், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும், கிடைத்த வேலையில் சேரத்தான் வேண்டும். ஆனால் கஸ்டமர் கண்ணாடி முன் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது நிஜமான பதிலுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது சேர்வதற்கு முன்பே தெரிந்திருந்தால் நல்லது. தெரிந்தவருக்கு அந்த விலையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவாவது முடியும்.