அம்மா வந்தான்!

மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று போன மாதங்களில் எழுதிவிட்டார்கள். நான் நம் வகுப்பில் கேட்கும் சிரிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

செங்கல் சூளையிலிருந்து நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் தமிழ் பேசினால் நமக்குச் சிரிப்பு வருகிறது. "எங்க அம்மா வந்தான்" என்று ஒரு பெண் சொன்னாள். அவ்வளவுதான்! அன்று முதல் அவளுக்கு அதுவே பேர். கிரவுண்டிலும் சத்துணவு வரிசையிலும் "ஏய், அம்மா வந்தான்!" இப்போது அவள் வாயே திறப்பதில்லை. மிஸ் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்கிறாள். கணக்கில் அவள் புலி என்பது பக்கத்தில் உட்காரும் எனக்குத் தெரியும்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? அவளுடைய தாய்மொழி ஒடியா. அதில் அவன், அவள் இரண்டுக்கும் 'சே' என்ற ஒரே சொல்தான். வினைச்சொல்லிலும் ஆண்பால், பெண்பால் என்று பிரிக்க மாட்டார்கள். வந்தான் வேறு, வந்தாள் வேறு என்பதே அவளுக்குப் புதுசு. நம்மை ஒடிசாவுக்குக் கொண்டுபோய் விட்டால் என்ன பேசுவோம்? சோறு கேட்கவே திணறுவோம். ஒடியா ஒண்ணும் சின்ன மொழி இல்லை. 2004இல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்த மத்திய அரசு, 2014இல் ஒடியாவையும் அப்படி அறிவித்தது.

நாம் மட்டும் ரொம்ப ஒழுங்கா? நம் திருவள்ளூர்ப் பக்கம் எத்தனை பேர் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்கிறார்கள்! அவள் 'வாளப்பளம்' என்கிறாள். ஒடியாவில் ள இருக்கிறது, ழ இல்லை. மதுரை, திருநெல்வேலிப் பக்கமும் நிறைய பேர் ள போட்டுத்தான் சொல்கிறார்கள். அதைச் சினிமாவில் கேட்டால் கை தட்டுகிறோம். அப்புறம், வீட்டில் இருப்பது ஒரே அம்மா. "அம்மா வந்தாங்க" என்று அவரைப் பலர்பால் ஆக்கிவிடுகிறோமே, அது மட்டும் எந்த இலக்கணம்? மரியாதைக்காக என்பீர்கள். சரிதான்.

இதற்கெல்லாம் நம் தமிழிலேயே ஒரு பேர் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அக்காவோட தமிழ்ப் புத்தகத்தில் பார்த்தேன். வழு என்றால் பிழை. காரணம் கருதி இலக்கணமே ஒத்துக்கொள்ளும் பிழை வழுவமைதி. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழுவமைதி. பெண் பிள்ளையை அம்மா "வாடா கண்ணா" என்று கூப்பிடுவது பால் வழுவமைதி. குயில் கூவும் என்பதுதான் மரபு, ஆனால் பாரதியார் குயிலைக் கத்த விட்டார். அதுவும் வழுவமைதிதான். நம் வகுப்புப் பெண் சொன்னது இந்தக் கணக்கில் வராது, அது வெறும் வழு. எனக்கும் தெரியும். ஆனால் மாட்டுக்குக் காட்டிய பாசத்தில் கொஞ்சம் பக்கத்து பெஞ்சுக்கும் காட்டலாமே!

"சிரிச்சாதானே திருத்திக்குவா" என்று ஒரு பையன் கேட்டான். திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போகும். எங்க வீட்டில் என் தம்பி "நாளைக்கு ஊருக்குப் போனேன்" என்பான். அம்மா சிரிக்காமல், "நாளைக்குப் போகப்போறியா? யாரோட?" என்று கேட்பாங்க. அவனும் "பாட்டியோட போகப்போறேன்" என்பான். அவ்வளவுதான் வேலை. நம்ம ஊர் சைக்கிள் கடைப் பலகையில் 'பஞ்சர் ஒட்டபடும்' என்று இருக்கிறது. 'ப்' இல்லை. அதனால் ட்யூபில் காத்து இறங்கிவிட்டதா என்ன?

முக்கியமான விஷயம் இனிமேல்தான். காலை வழிபாட்டில் திருக்குறள் சொல்வது வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. போன தடவை அவள் பேர் வந்தபோது, "எல்லாரும் சிரிப்பாங்க, வேணாம்" என்று தாண்டி அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள். சிரித்தவர்கள் பேரை யாரும் தாண்டவில்லை! இந்தச் சுற்றில் அவளைத் தாண்டக் கூடாது என்று வகுப்புத் தலைவரையும் வகுப்பாசிரியரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் குறளை அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். சத்துணவு நேரத்தில் என்னிடம் நாலு தடவை சொல்லிக் காட்டினாள். அதில் ஒரு ழு வருகிறது. அதை ளு என்றுதான் சொல்வாள். அவள் முறை வருகிற திங்கட்கிழமை.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி