பற்றரியை மாற்றமுன் வயரைப் பாருங்கள்



யுத்தத்தில் கணவரை இழந்த, கணவர் காணாமலாக்கப்பட்ட எத்தனையோ வீடுகளின் வாசலில் இன்று ஓர் ஓட்டோ நிற்கிறது. சிலர் தாங்களே ஓட்டுகிறார்கள். சிலர் தம்பியிடமோ மருமகனிடமோ நாள் வாடகைக்குக் கொடுத்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பின்னர், கொட்டியாரக் குடாவின் இரு பக்கத்துக் கிராமங்களுக்கும் ஓட்டோ ஓட்டம் கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அதுதான் நம்பிக்கை. அந்த ஓட்டோவுக்கு வரும் ஒரு நோயைப் பற்றி இந்த மாதம் கதைப்போம். இரவு நல்லாக நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது. கராஜில் கேட்டால், “பற்றரி செத்துப்போச்சு, புதுசு போடுங்கோ” என்பார்கள்.

பற்றரி உண்மையிலேயே செத்திருக்கலாம். செத்ததற்குக் காரணம் வேறொன்றாகவும் இருக்கலாம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியது போட்டால் அதுவும் சில மாதங்களில் அதே வழியில்தான் போகும்.

மூதூர்ப் பக்கத்தில் நான் வேலைக்காகப் போய்வரும் ஒரு கிராமத்தில் அப்படித்தான் நடந்தது. இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் ஒரே வருடத்தில் இரண்டு பற்றரி வாங்கிவிட்டார். இரண்டாவதை வாங்கியது வாராந்தக் கடன் எடுத்து. மூன்றாவதையும் வாங்கச் சொன்னபோதுதான் என்னிடம் சொன்னார். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் உள்ள வயதான வயரிங் பாஸ் ஒருவரிடம் இருவருமாக வண்டியைக் கொண்டுபோனோம். அவர் கையில் எடுத்தது ஒரு சிக்னல் மின்குமிழும் இரண்டு துண்டு வயரும் மட்டும்தான். கால் மணித்தியாலத்தில் காரணம் தெரிந்துவிட்டது. முன்பு வண்டியில் ஒரு பாட்டுச் செற் இருந்திருக்கிறது. செற்றைக் கழற்றி விற்றவர்கள் அதன் வயரைக் கழற்றவில்லை. பற்றரியிலிருந்து நேரே வந்த அந்த வயரின் நுனி, ஒட்டியிருந்த ரேப் உரிந்து, பின் ஆசனத்தின் கீழே துருப்பிடித்த இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. இரவிரவாக அந்த வழியால் மின்சாரம் கசிந்திருக்கிறது. ஒரு துண்டு வயருக்காக அந்தச் சகோதரி இரண்டு பற்றரிக்குக் காசு கட்டியிருக்கிறார்.

பற்றரி இறங்குவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பற்றரி பழசாகியிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். அல்லது, வண்டி நிற்கும்போது எங்கோ மின்சாரம் கசியலாம். எது என்று பிரித்து அறிய மல்ரிமீற்றர் என்ற சிறிய கருவி உதவும். சில மணித்தியாலம் ஓடாமல் நின்ற வண்டியில், நல்ல பற்றரி 12.6 வோல்ற்று அளவு காட்டும். 12 வோல்ற்றுக்குக் கிட்ட வந்தால் அநேகமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்க்கும்போது 14 வோல்ற்றை ஒட்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் கோளாறு சார்ஜ் பண்ணும் பகுதியில். அப்போது புதுப் பற்றரி போட்டும் பயனில்லை.

சார்ஜ் நன்றாக ஏறுகிறது, ஆனால் காலையில் இறங்கிவிடுகிறது என்றால் கசிவைத் தேட வேண்டும். அந்த பாஸ் செய்த முறை இதுதான்.

முதலில் கைக்காப்பு, மோதிரம், சங்கிலியைக் கழற்றி வையுங்கள். பற்றரியின் இரு முனைகளிலும் உலோகம் பட்டால் கை பொசுங்கிவிடும். பக்கத்தில் நெருப்பு, பீடி, சிகரட் கூடாது. சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து எளிதில் தீப்பிடிக்கும் வாயு வரும். திறப்பை எடுத்து, எல்லா லைற்றையும் நிறுத்துங்கள். பிறகு நெகற்றிவ் முனையில் உள்ள வயரை மட்டும் கழற்றுங்கள். எப்போதும் நெகற்றிவ்வைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் பூட்ட வேண்டும்.

இப்போது 12 வோல்ற்று, 21 வாற்று சிக்னல் மின்குமிழ் ஒன்றில் இரண்டு வயரைப் பொருத்துங்கள். ஒரு வயரை நெகற்றிவ் முனையிலும், மற்றதைக் கழற்றிய வயரின் நுனியிலும் பிடியுங்கள். வண்டிக்குள் போகும் மின்சாரம் எல்லாம் இனி இந்த மின்குமிழ் வழியாகத்தான் போகவேண்டும். மின்குமிழ் பளிச்சென்று எரிந்தால் எங்கோ பெரிய சோட் இருக்கிறது அல்லது ஏதோ ஒன்று நிற்காமல் வேலை செய்கிறது. மங்கலாக எரிந்தால் சிறிய கசிவு. எரியாவிட்டால் கசிவு இல்லை, அல்லது மின்குமிழில் தெரியாத அளவு சிறியது. அதை மல்ரிமீற்றரில்தான் அளக்கலாம். மின்குமிழ் பூட்டியிருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

எரிந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எந்தப் பியூஸைக் கழற்றும்போது மின்குமிழ் அணைகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு. எல்லாவற்றையும் கழற்றியும் எரிந்தால், பியூஸுக்கு வராமல் பற்றரியிலிருந்து நேரே போகும் வயர்களைப் பாருங்கள். பிறகு பூட்டிய ஹோர்ன், அலங்கார லைற், போன் சார்ஜர், செற் எல்லாம் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

சிறிய கசிவு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். 0.2 அம்பியர் கசிந்தால் ஒரு நாளில் 4.8 அம்பியர் மணி போய்விடும். 32 அம்பியர் மணிப் பற்றரியில் மூன்று நாளில் கிட்டத்தட்டப் பாதி காலி. இறங்கிய நிலையில் பற்றரி கனநாள் கிடந்தால் உள்ளே தகடுகளில் படியும் உப்பு இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில் வண்டிகள் நின்றபோது நல்ல பற்றரிகளும் இப்படிக் கெட்டன. வண்டி சில நாட்கள் நிற்கப் போகிறது என்றால் நெகற்றிவ் வயரைக் கழற்றி விடுங்கள்.

நம் ஊருக்கு இன்னொரு எதிரி கடற்காற்று. முனைகளில் பூக்கும் பச்சை, வெள்ளைத் தூளைக் கவனியுங்கள். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பற்றரியின் மூடிகளுக்குள் போகாமல் கழுவித் துடைத்து, முனைகளைப் பூட்டிய பின் கிறீஸ் பூசுங்கள். தண்ணீர் விடும் பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர்தான் விட வேண்டும். பியூஸ் எரிந்தால் வயர்த் துண்டையோ சிகரட் ஈயத்தாளையோ வைத்துச் சமாளிக்காதீர்கள். பியூஸ் எரிவது சோட் இருக்கிறது என்ற எச்சரிக்கை. அதைத் தடுத்தால் அடுத்து எரிவது வயர், அதன்பின் வண்டி.

“இதெல்லாம் ஆம்பிளையள்ட வேலை” என்று ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இருந்த, வடக்கிலிருந்து வந்து குடியேறிய இன்னொரு அக்கா சிரித்தார். 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் சனம் செய்தி கேட்டது. “அந்தப் பெடலைச் சுத்தினது ஆர்? நாங்கள்தானே!” என்றார் அவர். கூட்டத்தில் பிறகு யாரும் ஆம்பிளை வேலை என்று கதைக்கவில்லை.

எல்லாவற்றையும் நீங்களே திருத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கராஜில் மூன்று கேள்வி கேளுங்கள். சார்ஜ் எத்தனை வோல்ற்று ஏறுகிறது? வண்டி நிற்கும்போது கசிவு பார்த்தீர்களா? இந்தப் பற்றரி பழுது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அளந்து காட்டச் சொல்லுங்கள். பற்றரி வாங்கினால் திகதி எழுதிய உத்தரவாத அட்டையும் பற்றுச்சீட்டும் வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதாகி, கடைக்காரர் கையை விரித்தால், 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் உள்ள ஊர்களில் ஒரு மல்ரிமீற்றரைச் சங்கத்துக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாம். பத்து வீட்டு ஓட்டோவுக்கும் அது ஒன்றே காணும். அடுத்த கூட்டத்துக்கு யாராவது ஓர் ஓட்டோவைக் கொண்டுவாருங்கள், மின்குமிழ் வைத்து எல்லோரும் ஒருமுறை செய்து பழகுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.