‘பையனுக்கு எதுக்கு ஊசி?’

“பொண்ணுக்குப் போட்டாச்சு சிஸ்டர். பையனுக்கு எதுக்கு இந்த ரூபெல்லா ஊசி? அவன் என்ன பிள்ளையா பெத்துக்கப் போறான்?”

புதன்கிழமை பேத்திக்கு ஊசி போடப் போன இடத்தில் காதில் விழுந்த கேள்வி. கேட்டவர் படித்தவர், கழுத்தில் கம்பெனி அட்டை. ஒன்றரை வயதுப் பையன் அவர் தோளில் பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தான். தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் வதந்திகளுக்குப் பதில் எழுதத்தான் இந்த வாரம் நினைத்திருந்தேன். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

தம்பி, இதே கேள்வியை ஒரு நாடே கேட்டது. ரூபெல்லாவால் ஆபத்து கர்ப்பிணிகளுக்குத்தானே, பெண் பிள்ளைகளுக்குப் போட்டால் போதும் என்று ஜப்பான் 1977-ல் முடிவெடுத்தது. பள்ளி மாணவிகளுக்கு மட்டும் ஊசி. பையன்களையும் சேர்ப்பதற்குள் 1995 வந்துவிட்டது. விடுபட்ட பையன்கள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், டோக்கியோவின் மின்சார ரயில்களில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். 2013-ல் மட்டும் அந்த நாட்டில் 14,000 பேருக்கு மேல் ரூபெல்லா. டோக்கியோவும் ஒசாகாவும்தான் அதிகம் அடிபட்டன. நோய் கண்டவர்களில் நாலில் மூன்று பேர் ஆண்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகும் வயதுக்காரர்கள்.

அந்த ஆண்களுக்கு என்ன ஆயிற்று? இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டல். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இருமலிலும் தும்மலிலும் கிருமியைப் பரப்புவார்கள். அது வீட்டில் மாசமாக இருப்பவளைத் தொட்டால்? முதல் மூன்று மாதத்துக்குள் என்றால், பத்துக் கருவில் எட்டு ஒன்பதைக்கூடப் பாதிக்கும். கண்ணில் புரை, காது கேளாமை, இதயத்தில் கோளாறு. அந்த அலையில் ஜப்பானில் 45 குழந்தைகள் அப்படிப் பிறந்தன. வயிற்றில் பிள்ளை தங்கியபிறகு அவளுக்கு இந்த ஊசி போடவும் கூடாது. அவளைச் சுற்றியிருக்கும் ஆண்கள் போட்டிருந்தால்தான் அவளுக்குக் காவல்.

2018-ல் டோக்கியோவில் மறுபடியும் பரவியது. அடுத்த ஆண்டு, 1962 முதல் 1979 வரை பிறந்த ஆண்களுக்கு இலவசப் பரிசோதனை, இலவச ஊசி என்று கூப்பன் அனுப்பினார்கள். வேலை வேலை என்று ஓடிய பலர் அதைத் தொடவே இல்லை. சின்ன வயதில் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம்!

நம் ஊரில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தது. எத்தனை வதந்தி, எத்தனை பயம்! ஆனாலும் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை, ஆண் பெண் பார்க்காமல் போட்டார்கள். அந்த முடிவை எடுத்தவர்களைக் கும்பிட வேண்டும். அன்று பதினைந்தைத் தாண்டியிருந்த பையன்கள்தான் இன்று கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சின்ன வயதிலேயே நோய் வந்து போனவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களில் யார் போட்டுக்கொண்டார்கள், யார் போடவில்லை? அவர்களுக்கே தெரியாது. ஏனென்றால் அட்டை இல்லை.

பல வருடமாக நான் கத்திக்கொண்டிருக்கும் விஷயம் இந்த அட்டை. ரேஷன் கார்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பீரோவில் பூட்டுகிறோம். தடுப்பூசி அட்டை பால் கணக்கு எழுதப் போய்விடுகிறது. பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழோடு அந்த அட்டையையும் கேளுங்கள். பள்ளியை விட்டுப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். அரசுக்கு இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அந்தச் செவிலியர் பதில் பேசவில்லை. பையனின் அட்டையை வாங்கி, இரண்டாவது தவணைக்கான வெற்றுக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கேள்வி கேட்டவரின் பின்னால் நின்ற அவர் மனைவி, நிறைமாதம் இல்லை, ஆனால் மாசமாக இருந்தார். பையனைத் தோளிலிருந்து இறக்கி வாங்கியவரும் அவர்தான்.