மலைக்குப் போற வழி என்ன ரகசியமா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்துகொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சுற்றி வளைத்தது. 23 உயிர்களை இழந்தோம். அதில் பலர் நம்மைப் போல வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துவிட்டு, லீவு நாளில் மலை பார்க்கப் போனவர்கள்.

அவங்க போன பாதைக்கு அனுமதி இருந்ததா இல்லையான்னு அப்புறம் எவ்வளவோ விவாதம் நடந்தது. நான் கேட்கிறது வேற. அந்தப் பாதை இன்னைக்குத் திறந்திருக்கா, பக்கத்துல எங்கயாவது தீ எரியுதான்னு கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல பார்த்துக்க அவங்களுக்கு ஒரு இடம் இருந்ததா?

அதே ஆண்டு மலையேற்ற விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ வந்தது. 14 மாவட்டம், 40 பாதை, ஆன்லைன் புக்கிங், உள்ளூர் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகள். நல்ல திட்டம். யார் கொண்டு வந்தாலும் நல்லதை நல்லதுன்னு சொல்ல நமக்குக் கூச்சம் கிடையாது.

ஆனா நம்ம மக்கள் ஏறுறது அந்த 40 பாதையில மட்டுமா? வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலைன்னு சாமி கும்பிட ஏறுற கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. அவங்க யாரும் தங்களை ‘ட்ரெக்கர்’னு சொல்லிக்க மாட்டாங்க. 2024 சீசனில் வெள்ளியங்கிரி ஏறியவர்கள் மூச்சுத்திணறி, நெஞ்சுவலி வந்து இறந்த செய்திகள் அடுத்தடுத்து வந்ததே! அடிவாரத்துல மூங்கில் தடி கிடைக்குது. எந்த மலையில ஏற்றம் கடுமை, தண்ணி எங்க கிடைக்கும், இதய நோய் இருக்கிறவங்க எந்த இடத்தோட திரும்பிடணும்னு வீட்டுல இருந்தே பார்க்க தமிழ்ல ஒரு பக்கம் வேண்டாமா? இப்போ இதையெல்லாம் ரீல்ஸ் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறாங்க. ரீல்ஸ்ல மூச்சு வாங்குற பகுதியை எடிட் பண்ணிடுவாங்க!

இது பெரிய செலவு பிடிக்கிற வேலையும் இல்ல. பத்து கிலோமீட்டர் பாதையோட ஜிபிஎஸ் தடத்தைப் பதிவு செய்தா, அந்த ஃபைல் உங்க சித்தப்பா அனுப்புற குட்மார்னிங் படத்தைவிடச் சின்னதா இருக்கும். காட்டுத்தீ எங்க எரியுதுன்னு செயற்கைக்கோள் தகவலை வச்சு டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் ஏற்கெனவே எச்சரிக்கை அனுப்புது. அதையும் பாதை வரைபடத்தையும் ஒண்ணா இணைச்சா, நடக்கப் போறவருக்கு நேரடியா உதவும். சுவிட்சர்லாந்தில் நடைபாதைகளைப் பராமரிப்பது 1979 முதல் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கு. 2021 மார்ச்சிலிருந்து அந்த நாட்டு அரசின் டிஜிட்டல் வரைபடத் தரவுகள் எல்லாருக்கும் இலவசம்.

“எல்லாத்தையும் வெளியிட்டா கூட்டம் கூடும், காடு கெடும், யானை வழித்தடத்துல போய் நிப்பாங்க” என்று ஒரு எதிர்வாதம் வரும். நியாயமான பயம்தான். அதனாலதான் மூடிய பாதையை ‘மூடியது, காரணம் இது’ன்னு வெளியிடணும்னு சொல்றோம். தகவல் இல்லைங்கிறதுக்காக யாரும் போகாம இருக்கல, தெரியாம போறாங்க. பழங்குடி மக்களின் வழிபாட்டு இடம், தேன் எடுக்கிற பாதை இதையெல்லாம் வரைபடத்துல போடலாமா வேண்டாமான்னு அவங்க கிராம சபைதான் முடிவு பண்ணணும். இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது.

அரசிடம் நம் கோரிக்கை இதுதான். மலையேறவும் வழிகாட்டிக்கும் கட்டணம் வாங்கட்டும், தகவலுக்கு வேண்டாம். தூரம், ஏற்றம், தண்ணீர், போன் சிக்னல் கிடைக்கிற இடம், கடைசி பஸ் நேரம், இன்றைய நிலை - இத்தனையும் தமிழில், லாகின் கேட்காம, யாரும் டவுன்லோடு பண்ணி ஆஃப்லைன்ல பயன்படுத்துற மாதிரி வரணும். மழைக்காலத்திலும் தீ சீசனிலும் தினமும் புதுப்பிக்கணும். பாதை விவரத்தை எந்தத் தேதியில் சரிபார்த்தாங்கன்னு அதிலேயே போடணும். பழைய தகவல், தகவலே இல்லாததைவிட ஆபத்து.

உங்க ஊர் மலைக்குப் போற பாதையில அறிவிப்புப் பலகை இருக்கா? இருந்தா அதுல என்ன எழுதியிருக்கு? ஒரு போட்டோ எடுத்து, ஊர் பெயரும் தேதியும் போட்டு இந்தப் பக்கத்துக்கு மெசேஜ் பண்ணுங்க. மாவட்டவாரியா தொகுத்து மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.

- தகவல் தொழில்நுட்ப அணி