குளிருதுன்னு கதவைச் சாத்திக்காதீங்க!

மார்கழி பிறந்துவிட்டால் எங்க கோயம்புத்தூருக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். காலை ஏழு மணிக்கும் மருதமலை பனிக்குள்ளேதான் இருக்கும். ரேஸ்கோர்ஸில் நடக்கிறவர்கள் காதில் மஃப்ளர் ஏறிவிடும். டீக்கடையில் ‘ஒரு சுக்கு காபி’ என்ற குரல் கூடிவிடும். அதிகாலையில் 18, 19 டிகிரி என்றால் டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். நமக்கு அதுவே போதும், போர்வையை இன்னொரு சுற்று சுற்றிக்கொள்ள.

போன மார்கழியில் அந்தப் போர்வைதான் எங்கள் வீட்டில் பிரச்னையானது.

அப்பா தவறிய பிறகு அம்மாவை உடுமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். நாலாவது மாடி. மாலை ஆறு மணி ஆனதும் அம்மா ஜன்னலைச் சாத்துவார், கதவைச் சாத்துவார், கட்டிலில் ஏறிப் போர்த்திக்கொள்வார். “ஏம்மா, சாப்பிடலையா?” என்றால், “குளுருது கண்ணு, பொறவு பாத்துக்கலாம்” என்பார். அந்தப் பொறவு வரவே வராது. அரை இட்லியோடு இரவு முடிந்துவிடும்.

நான் என்ன செய்தேன்? ஸ்வெட்டர் வாங்கினேன். காலுறை வாங்கினேன். டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தேன். எல்லாம் நார்மல். ஆனாலும் அம்மாவுக்குக் குளிர் விடவில்லை.

ஒருநாள் ராத்திரி என் மகள் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் உருமிச் சத்தம். போர்வைக்குள்ளிருந்து அம்மா தலையை நீட்டினார். “என்ன அம்முணி அது, சலகெருதா?”

சலகெருது என்றால் என்ன என்று பலருக்குத் தெரிந்திருக்காது. உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. மாட்டுப்பொங்கலன்று விவசாயிகள் பாலைக் கொண்டுவந்து சாமிக்கு ஊற்றுவார்கள். மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களை வாங்கி வைப்பார்கள். பொங்கல் சமயத்தில் பிறக்கும் கன்றை அந்தச் சாமிக்கென்று நேர்ந்து விடுவதும் உண்டு. அதுதான் வளர்ந்து சலகெருது ஆகும். மார்கழி ராத்திரிகளில் ஊர்ப் பொதுவில் உருமி அடிக்க, நீளக் குச்சியோடு ஆட்கள் முன்னால் ஆட, அந்தக் காளையும் தாளத்துக்கு ஆடப் பழகும். சுற்றி ஊரே நிற்கும்.

அன்றைக்கு அம்மா ஒரு மணி நேரம் பேசினார். அவர் கல்யாணமாகி வந்த வருஷம் ஆடிய காளையைப் பற்றி. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று அப்பா இவரையே பார்த்ததைப் பற்றி. சுருக்குப்பையில் வறுத்த நிலக்கடலையோடு நள்ளிரவு வரை நின்றதைப் பற்றி. “அப்பெல்லாம் குளுரலையாம்மா?” என்று கேட்டேன். “குளுரும். ஆனா அத்தன பேரு சுத்தி நிக்கையில எங்க தெரியுது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கடை கடையாகத் தேடிய ஸ்வெட்டர் இதற்கல்ல.

அடுப்படியிலிருந்து ஆரம்பித்தோம்

அடுத்த நாள் அம்மாவிடம், “எனக்குக் கொள்ளு ரசம் சரியா வரமாட்டேங்குது, சொல்லிக் கொடுங்க” என்றேன். பொய்தான். ஆனால் அம்மா எழுந்து வந்தார்.

கொங்கு வீட்டுக் கொள்ளில் ஒரு சிக்கனம் உண்டு. ஒரே வேகலில் இரண்டு பண்டம். கொள்ளை நன்றாக வேகவைத்து, தண்ணீரைத் தனியாக வடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரில் புளி கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கினால் ரசம். வெந்த கொள்ளோடு சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி விதை, சீரகம், பூண்டு வதக்கிச் சேர்த்து ஆட்டினால் கொள்ளுப்பருப்பு. சுடுசோற்றில் பருப்பைப் போட்டு ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து பாருங்கள். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை மறந்து இரண்டாவது தட்டு கேட்பீர்கள்.

இந்தப் பருவத்துக்கே உரிய இன்னொன்று அவரையும் மொச்சையும். நாட்டு ரகங்கள் பகல் பொழுது குறையும்போதுதான் பூத்துக் காய்க்கும். அதனால்தான் மார்கழி, தையில் உழவர் சந்தையில் அவை குவிகின்றன. பச்சை மொச்சை போட்டு அரிசியும் பருப்பும் சாதம் செய்தால், அதன் வாசனை லிஃப்ட் வரைக்கும் போகும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது. எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டி, “ஏனுங்க, என்ன செய்றீங்க? மூக்கத் தொளைக்குது” என்றார். இரண்டு வருஷமாக ‘குட்மார்னிங்’கோடு நின்றவர் அவர். அன்றைக்கு ஒரு கிண்ணம் போனது. மறுநாள் அந்தக் கிண்ணம் சந்தகையும் தேங்காய்ப்பாலுமாகத் திரும்பி வந்தது. அம்மாவுக்குப் பேச ஆள் கிடைத்தது.

கும்மிச் சத்தம் கேட்குதா?

அந்த எதிர்வீட்டு அம்மாதான் சொன்னார், பக்கத்துக் கோயில் திடலில் மாலையில் வள்ளி கும்மி பயிற்சி நடக்கிறது என்று. முருகன் வள்ளியைக் கைப்பிடித்த கதையை ஆசிரியர் பாட, வட்டமாக நின்று அடியெடுத்துக் கைதட்டி ஆடும் கலை. ஒரு காலத்தில் ஆண்கள் கையில்தான் இருந்தது. மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயா போன்ற ஆசிரியர்கள் பெண்களையும் வட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. இன்று கொங்கு மண்டலத்தில் எந்த ஊர் அரங்கேற்றத்துக்குப் போனாலும், பள்ளிக்கூடப் பிள்ளையும் பாட்டியும் ஒரே நிறச் சேலையில் ஒரே அடி போடுவதைப் பார்க்கலாம்.

முதல் நாள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டாம் வாரம் உட்கார்ந்தபடியே தட்டினார். மூன்றாம் வாரம் எழுந்து ஒரு சுற்று வந்தார். மூட்டு வலி இருக்கிறது, அதனால் ஒரு சுற்றுதான். வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டார்.

மாட்டுப்பொங்கலன்று காரில் சோமவாரப்பட்டிக்குக் கூட்டிப்போனோம். கோவையிலிருந்து உடுமலையே சுமார் 70 கி.மீ. வெயிலில் வரிசையில் நின்று பால் ஊற்றிவிட்டு வந்தார். வழியெல்லாம் பேசாமல் இருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா படத்தின் முன் ஒரு சின்ன மண் மாட்டை வைத்துவிட்டு அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். இந்த வருஷமும் சில மாலைகளில் போர்வை ஏறுகிறது. ஆனால் ஆறு மணிக்குக் கதவு சாத்துவதில்லை.

இந்த மார்கழிக்கு உங்களுக்குச் சில யோசனைகள்

* மார்கழிக் கடைசி நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் செருகுவோம். கட்டாக விற்பதை வாங்காமல், பெரியவர்களை உட்கார வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும்.

* பட்டிப்பொங்கலுக்குத் தொழுவத்தில் மண்ணால் தெப்பக்குளம் கட்டும் வழக்கம் இன்னும் தோட்டங்களில் இருக்கிறது. மாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகளை ஒருமுறை உறவினர் தோட்டத்துக்கு அனுப்புங்கள்.

* 2008-இல் தொடங்கிய கோவை விழாவுக்குத் தேதி வருஷா வருஷம் மாறும். அறிவிப்பு வந்ததும் குறித்துவையுங்கள். வீதியிலேயே ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும் ‘ஆர்ட் ஸ்ட்ரீட்’ பெரியவர்களுக்கும் பிடிக்கும். திரும்பும்போது தள்ளுவண்டியில் ஒரு பிளேட் காளான். வயிறு ஒத்துக்கொள்பவர்களுக்கு மட்டும்!

* ஆஸ்துமா, இதயத் தொந்தரவு இருப்பவர்களை அதிகாலைப் பனியில் அழைத்துப் போகாதீர்கள். மாலை ஐந்திலிருந்து ஏழு நல்ல நேரம். காதை மூடிக்கொள்ள ஒரு துண்டு, ஃபிளாஸ்கில் வெந்நீர், உட்கார ஒரு நாற்காலி. இது மூன்றும் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆறு மணிக்கே போர்த்திக்கொள்ளும் ஒருவர் இருக்கலாம். ‘குளிருதா?’ என்று கேட்டுவிட்டுப் போர்வையை எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ‘உங்க ஊர்ல மார்கழிக்கு என்ன செய்வீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள்.

அடுத்த வாரம் பார்ப்போமுங்க. அடுப்பில் கொள்ளு வேகுது!