கறியும் குதிரையும்

முகத்துதி செய்து ஒருவரின் தயவைப் பெறுவதை ஆங்கிலத்தில் ‘கர்ரி ஃபேவர்’ என்பர். இதிலுள்ள ‘கர்ரி’ நமது கறியே என்றும், தமிழன் கறிவிருந்து படைத்து வெள்ளையரின் தயவைப் பெற்றமையால் பிறந்த தொடர் இது என்றும் மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். கைதட்டலும் எழுகிறது. தமிழ் கற்பிக்கும் நாம் இதைக் கேட்டு வாளாவிருத்தல் தகுமா?

இந்தக் ‘கர்ரி’ குதிரையைத் தேய்த்துச் சீவிவிடுதலைக் குறிக்கும் வினைச்சொல். ஒழுங்குசெய்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ‘ஃபேவர்’ என்பதும் தொடக்கத்தில் தயவைக் குறித்ததன்று. அது ஒரு குதிரையின் பெயர். 1310-லும் 1314-லும் இரு பகுதிகளாகப் பிரான்சில் எழுந்த அங்கதக் காவியம் ஒன்றின் நாயகனான ‘ஃபோவெல்’ என்னும் குதிரையே அது. முகத்துதி, பேராசை, இழிகுணம், நிலைமாறும் புத்தி, பொறாமை, கோழைத்தனம் ஆகிய ஆறு தீக்குணங்களுக்குரிய பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அதன் பெயர் வரும். போப்பாண்டவர் முதல் ஏழைகள் வரை யாவரும் முண்டியடித்து அக்குதிரையைத் தேய்த்துவிடுகின்றனர். ஆங்கிலத்தில் இது ‘கர்ரி ஃபேவெல்’ ஆயிற்று. குதிரையின் கதை மறந்துபோன 16ஆம் நூற்றாண்டில், பொருள் விளங்காத ‘ஃபேவெல்’ பொருள் விளங்கும் ‘ஃபேவர்’ ஆகத் திரிந்தது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியதோ 1600-இல்தான். விருந்துண்ண அவர்கள் வருமுன்பே தொடர் வழக்கில் இருந்தது!

“தமிழுக்குப் பெருமை சேர்ந்தால் உமக்கென்ன இழப்பு?” என்று வினவுவோர் உளர். இழப்பு தமிழுக்கே. உணவைக் குறிக்கும் ‘கர்ரி’ தமிழ்க் கறியிலிருந்து சென்றதென ஆங்கில அகராதிகளே ஒப்புகின்றன. கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணீரும் அவ்வாறே சான்றுகளோடு ஏற்கப்பட்டவை. இந்த மெய்ச்சான்றுகளின் நடுவே ஒரு பொய்ச்சான்றை நிறுத்தினால், அயலார் அனைத்தையும் ஒருங்கே ஐயுறுவர். ஒலி ஒத்திருப்பது ஒன்றையே கொண்டு வேர் காண்பது சொல்லாராய்ச்சி ஆகாது. ஒலியொப்புமை ஐயத்தை எழுப்பலாம், முடிவைத் தராது.

இல்லாத பெருமையைச் சூட்டி மொழியை மகிழ்விக்க முனைவதும் முகத்துதியே. அந்த மேடைப் பேச்சாளர்கள் தம்மையறியாமல் ஃபோவெலைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கின்றனர். இனியேனும், ஒரு சொல்லை நம்முடையதென்று எவர் கூறினும், எந்த ஆண்டில், எந்த நூலில் அது முதன்முதல் காணப்படுகிறது என்று கேட்போம். அதன் பின் கைதட்டலாம்.