விழுங்கினால் போதுமா?

மஞ்சளின் குர்க்குமினை லிபோசோம் என்னும் நுண்ணிய கொழுப்பு உறையில் அடைத்து விழுங்கினால் போதும், புற்றுநோய்க்கு ஊசியும் கீமோவும் வேண்டாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். பாதிதான் சரி. ஒரு தம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கிச் சற்று நேரம் வையுங்கள்; அடியில் தங்கிவிடும். குர்க்குமின் நீரில் சரியாகக் கரையாது. உள்ளே போகும் கொஞ்சத்தையும் குடற்சுவரும் கல்லீரலும் உடனே உருமாற்றிவிடுகின்றன. 2008இல் வெளியான கணையப் புற்றுநோய் ஆய்வில் தினம் 8 கிராம் கொடுத்தும் ரத்தத்தில் தெரிந்தது மிகச் சொற்பம். ஆகவே உறை தேவைதான்.

ஆனால் அந்த உறையே கொழுப்பாயிற்றே! கொழுப்பைச் சிதைக்கத்தானே பித்தநீரும் கணையநீரும்? சாதாரண லிபோசோம் சிறுகுடலிலேயே உடைந்துபோகும். கைட்டோசான் பூச்சு, சவ்விலேயே பித்த உப்பைச் சேர்ப்பது என்று ஆய்வகங்கள் மல்லுக்கட்டுவது இதனால்தான். லிபோசோமில் வந்த தாவரவழிப் புற்றுநோய் மருந்துகளையே பாருங்கள்: நித்தியகல்யாணி தந்த வின்கிறிஸ்டினின் லிபோசோம் வடிவத்துக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கேம்ப்டோதெசின் வழிவந்த இரினோடெக்கானின் லிபோசோம் வடிவத்துக்கு 2015இல். இரண்டுமே ரத்தக்குழாயில் ஏற்றுபவை, விழுங்குபவை அல்ல.

ரத்தத்தில் குர்க்குமின் அளவு கூடுவது வேறு, கட்டி சுருங்குவது வேறு. கட்டுரையாளர் எழுதியதைப் படித்துவிட்டு அடுத்த கீமோவுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடும் நோயாளியிடம் எந்த ஆய்வைக் காட்டுவார் அவர்?